கண்ணாடித் தொட்டியில் சிறு வேட்டை மீன்கள்

நம் பள்ளியின் அறிவியல் மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருந்தோம். நீளம் இரண்டடி; அகலம் ஓரடி; உயரம் ஓரடி. அதில் 12 கப்பி மீன்கள் வண்ண வால்களை விரித்து நீந்தி வந்தன. ஓய்வு வேளை மணி அடித்தவுடன் மாணவர் கூட்டம் அத்தொட்டியைச் சூழ்ந்து கொள்ளும்.

ஒரு நாள் பட்டணத்துக் கடையொன்றிலிருந்து புதிய மீன் ஒன்றைக் கொணர்ந்து அத்தொட்டியில் விட்டோம். விரல் நீளமே இருக்கும். காய்ந்த இலையின் நிறம், அசைவும் இல்லை. “எதைக் கொடுத்தாலும் தின்னும், எல்லா மீன்களோடும் ஒத்துப்போகும்” என்றார் விற்றவர். நாமும் கேள்வி கேளாமல் நம்பினோம்.

மறுநாள் எண்ணிப் பார்த்தபோது கப்பிகள் 11 இருந்தன. அதற்கடுத்த நாள் 9. பூனை வந்திருக்கும் என்றனர் சிலர். அடுத்த வகுப்பு மாணவர்கள் எடுத்திருப்பர் என்றனர் வேறு சிலர். ஆறாம் நாள் 5 மீன்களே எஞ்சின. அன்று ஓய்வு வேளையில் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி தொட்டியருகே நின்றிருந்தாள். அவள் கண்முன்னே அந்த ‘இலை’ வாயைத் திறந்தது. அருகே நீந்திய கப்பியைக் காணவில்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அம்மாணவி அழுதுவிட்டாள். “ஐயா, இந்தக் கொலைகார மீனை வடிகாலில் கொட்டிவிடுவோம்!” என்று மாணவர்கள் கூக்குரலிட்டனர்.

குற்றம் யாருடையது? பசித்தபோது தன் இயல்புப்படி உண்ட மீனுடையதா? அதன் இயல்பை அறியாமல் கொண்டு வந்து விட்ட நம்முடையதா? அன்று நமக்கு எழுந்த இக்கேள்வியே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

வேட்டை மீன் என்பது யாது?

மீன்களுள் பாசியை மேய்வன உண்டு. கிடைத்ததை உண்பன உண்டு. பிற உயிர்களைப் பிடித்து உண்பனவும் உண்டு. இவற்றையே வேட்டை மீன்கள் என்கிறோம். வேட்டை மீன் என்றவுடன் சுறாவை நினைக்க வேண்டியதில்லை. சுண்டுவிரல் அளவேயான வேட்டை மீன்களும் நம் வயல்களிலும் ஓடைகளிலும் வாழ்கின்றன.

ஒரு மீன் எதை உண்ணும் என்பதை அதன் வாயே கூறிவிடும். வாய் மேல்நோக்கி அமைந்திருந்தால் அது நீர்ப்பரப்பில் விழும் பூச்சிகளைப் பிடிப்பது. வாய் அகன்று, திறக்கும்போது குழாய்போல முன்னே நீண்டால் அது பதுங்கியிருந்து பாய்வது. பற்கள் கிளியின் அலகுபோல் இணைந்திருந்தால் அது ஓட்டை உடைத்து நத்தையை உண்பது. மாணவர்கள் மனத்திற் பதிக்க வேண்டிய விதி ஒன்றுண்டு: வேட்டை மீனின் வாய்க்குள் நுழையக்கூடிய எதுவும் அதற்கு இரையே. அங்கே நட்பும் இல்லை, பகையும் இல்லை, அளவு ஒன்றே உண்டு.

நம் இலை மீன் பதுங்கிப் பாய்வது. அறிவியலார் அதனை நாண்டஸ் நெபுலோசஸ் என அழைப்பர். மலாயாவிலும் சுமத்திரா, போர்னியோ தீவுகளிலும் மெல்ல ஓடும் நீர்நிலைகளில், உதிர்ந்த இலைகளுக்கிடையே அது வாழ்கிறது. அதன் கண்ணின் வழியே ஒரு கருங்கோடு செல்வதால் கண் எது, உடல் எது என எளிதில் விளங்காது. இலையெனத் தோன்றுவதால் அதற்கு இரட்டைப் பயன்: இரையும் அதனைக் காணாது, அதனை இரையாகக் கொள்ளும் பறவையும் காணாது. அது வாயைத் திடீரென முன்னே நீட்டித் திறக்கும்போது நீர் உள்ளே பாய்கிறது. அந்நீரோடு இரையும் இழுக்கப்படுகிறது. அம்மாணவி கண்டது இதைத்தான்.

நம் மண்ணின் சிறு வேட்டைக்காரர்கள்

நம் கெடா மாநிலம் நெல்வயல்களுக்குப் பெயர் பெற்றது. வயல் நீரிலும், அதையடுத்த வாய்க்கால்களிலும் வாழும் சிறு மீன் ஒன்றை மலாய்க்காரர்கள் ‘பெலாகா’ என்பர். சண்டை மீன் என நாம் சொல்வது இதன் இனத்தையே. முன்னாளில் தோட்டத்துப் பிள்ளைகள் இதனைப் பிடித்துப் போத்தலில் அடைப்பர். இரண்டு போத்தல்களை அருகருகே வைத்து இடையே ஓர் அட்டையைச் செருகுவர். அட்டையை எடுத்தவுடன் இரு மீன்களும் செவுளை விரித்துச் சினந்து நிற்பதைக் கண்டு மகிழ்வர்.

இம்மீனுக்கு 1975-ஆம் ஆண்டில் லாடிகெஸ் என்னும் அறிஞர் ‘பெட்டா இம்பெல்லிஸ்’ எனப் பெயரிட்டார். ‘இம்பெல்லிஸ்’ என்னும் இலத்தீன் சொல்லுக்குப் ‘போரை விரும்பாதது’ என்பது பொருள். கடைகளில் நீண்ட துடுப்புகளுடன் விற்கப்படும் சயாமியச் சண்டை மீனோடு ஒப்பிடும்போது இது சாதுவானதே. எனினும் இரண்டு ஆண் மீன்களை ஒரே தொட்டியில் அடைத்தால் அங்கு அமைதி நிலவாது. ஆண் மீன் வாயிலிருந்து குமிழிகளை விட்டு நீர்ப்பரப்பில் ஒரு நுரைக் கூடு கட்டும். பெண் இடும் முட்டைகளை அக்கூட்டில் ஒட்டிவைத்துத் தானே காவல் காக்கும்.

இதற்கு உறவான இன்னொரு மீன் மலையடிவாரங்களில் நிழல் படர்ந்த ஓடைகளில் வாழ்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராகப் பணியாற்றிய டென்மார்க் நாட்டவரான தியோடர் காண்டர், பினாங்கில் இதனைக் கண்டு 1849-ஆம் ஆண்டில் மலாயா மீன்களின் பட்டியலில் சேர்த்தார். ‘பக்னாக்ஸ்’ என்று பெயரிட்டார். ‘சண்டைக்காரன்’ என்பது அதன் பொருள். ஆனால், இந்தச் சண்டைக்காரனின் உண்மை வாழ்வு என்ன தெரியுமா? பெண் இட்ட முட்டைகளை ஆண் மீன் தன் வாய்க்குள் வைத்துக்கொண்டு, குஞ்சு பொரித்து நீந்தும்வரை சுமந்து திரியும். அந்நாள்களில் அது உணவருந்தாது. வேட்டையாடுவதற்கென்றே அமைந்த வாய், குழந்தைகளுக்குத் தொட்டிலாகிவிடுகிறது! ஒருவருக்கு நாம் சூட்டும் பெயரைக் கொண்டு அவர் இயல்பை அளக்கலாகாது என்பதற்கு இம்மீனே சான்று.

மூன்றாவது, ‘ஜூலோங்-ஜூலோங்’. தமிழ்நாட்டுக் கடற்கரை மக்கள் முரல் என்று கூறும் மீனின் நன்னீர் உறவு இது. கீழ்த்தாடை ஊசிபோல் நீண்டும் மேல்தாடை குட்டையாகவும் இருக்கும். நீர்ப்பரப்பை ஒட்டியே நீந்தி, அங்கு விழும் எறும்பையும் கொசுவையும் கொசுப்புழுவையும் பிடித்துண்ணும். முட்டையிடாமல் குட்டி போடும் மீன் இது. ஆண்கள் இரண்டு சந்தித்தால் அலகோடு அலகு கோத்து மல்யுத்தம் செய்யும். அஞ்சி ஓடும்போது கண்ணாடியில் மோதினால் அந்த அலகு உடைந்துபோகும். ஆகையால் இதன் தொட்டியைத் தட்டி விளையாடுதல் பெருங்கொடுமையாகும்.

ஆற்றில் மட்டுமே காண வேண்டியவை

எல்லாச் சிறு வேட்டை மீன்களும் வீட்டுத் தொட்டிக்கு உரியன அல்ல. மெர்போக் ஆற்றின் கழிமுகத்திலுள்ள அலையாத்திக் காடுகளில் ‘சும்பிட்’ என்னும் மீன் வாழ்கிறது. சும்பிட் என்பது மலாய் மொழியில் ஊதுகுழல். ஊதுகுழல் அம்பைப்போலவே இம்மீன் நீரைப் பீய்ச்சி, இலையில் அமர்ந்திருக்கும் பூச்சியை வீழ்த்தும். நாக்கை அண்ணத்திலுள்ள பள்ளத்தில் அழுத்தி ஒரு குழாய் அமைத்துக்கொண்டு, செவுள் மூடிகளைச் சட்டெனச் சுருக்கும். நீர் அம்பெனப் பாயும். ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட தொலைவிலுள்ள பூச்சியும் தப்பாது.

மாணவர்களே, ஒரு கண்ணாடிக் குவளை நீரில் பென்சிலைச் சாய்த்து வையுங்கள். பென்சில் வளைந்ததுபோலத் தோன்றும். ஒளி நீரில் நுழையும்போது திசை மாறுவதே அதற்குக் காரணம். நீருக்குள்ளிருந்து மேலே நோக்கும் சும்பிட் மீனுக்கும் பூச்சி இடம் மாறியே தோன்றும். அவ்வாறிருந்தும் அது குறி தவறுவது அரிது. பழகப் பழக இவ்விடர்ப்பாட்டை அது வென்றுவிடுகிறது. பயிற்சியளிக்கப்பட்ட சும்பிட் மீன்கள், திரையில் காட்டப்பட்ட மனித முகங்களுள் பழகிய முகத்தை இனங்கண்டு அதன்மேல் நீரைப் பீய்ச்சின என்று 2016-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது.

இம்மீன் ஒரு சாணுக்கு மேல் வளரும், உவர்நீர் வேண்டும், கூட்டமாக வாழும். நம் இரண்டடித் தொட்டி அதற்குச் சிறைச்சாலையே. விரால் மீனும் அவ்வாறே. ‘ஹாருவான்’ என்று சந்தையில் வாங்கி, மகப்பேறுற்ற தாய்மார்க்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்க்கும் சமைத்துக் கொடுக்கிறோமே, அதே விரால்தான். அதன் குஞ்சுகள் செந்நிறத்தில் கூட்டமாக நீந்தும். அழகில் மயங்கிப் பிள்ளைகள் பிடித்து வருவர். சில மாதங்களில் அது தொட்டியிலுள்ள மற்ற மீன்களைத் தின்று தீர்த்துவிட்டு, மூடியையும் முட்டித் தள்ளி வெளியே குதிக்கும்.

கேரளத்து விருந்தாளி

கடைகளில் இப்போது பட்டாணி அளவுள்ள பேத்தை மீன் கிடைக்கிறது. இதன் தாயகம் தென்னிந்தியாவின் கேரளம். ஹோரா, நாயர் என்னும் இரு அறிஞர்கள் பம்பை ஆற்றிலிருந்து கிடைத்ததைக் கொண்டு 1941-ஆம் ஆண்டில் இதனை உலகுக்கு அறிவித்தனர். முழு வளர்ச்சியுற்றாலும் 3.5 சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை. ஒரு கண் மேலே பார்க்க, மறு கண் கீழே பார்க்கும் ஆற்றல் உடையது. பார்ப்பதற்குப் பால்மணம் மாறாத குழந்தைபோல் இருக்கும். ஆனால், கூட இருக்கும் மீன்களின் வாலையும் துடுப்பையும் கடித்துக் குதறிவிடும். அதற்குத் தனித் தொட்டியே தக்கது.

இதன் பற்கள் ஓயாது வளரும். சிறு நத்தைகளை ஓட்டோடு கடித்துண்டால்தான் அவை தேயும். அளவுக்கு மீறிப் பிடித்து விற்றதாலும் ஆறுகள் கெட்டதாலும் தாயகத்தில் இம்மீன் அருகி வருகிறது. ஆகவே, வாங்குவதாயின் பண்ணையில் வளர்க்கப்பட்டதா எனக் கேட்டு வாங்குதல் நன்று. கடலிலும் கழிமுகத்திலும் பிடிபடும் பெரிய பேத்தை மீன்களை, அதாவது ‘புந்தால்’ எனப்படுவனவற்றை, யாரும் சமைத்துண்ணலாகாது. அவற்றின் நஞ்சு உயிரைப் போக்கும். கொதிக்க வைத்தாலும் நீங்காது.

தொட்டியை அமைக்கும் முறை

மேல்வகுப்பு மாணவர்கள் ஒரு கணக்கைச் செய்து பாருங்கள். 2 அடி, 1 அடி, 1 அடி என்னும் அளவுகளைப் பெருக்கினால் 2 கனஅடி. ஒரு கனஅடி நீர் ஏறத்தாழ 28 லிட்டர். ஆக, தொட்டி நிறைய 56 லிட்டர் நீர். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. கண்ணாடி, மணல், கல் ஆகியவற்றையும் கூட்டினால் 60 கிலோவைத் தாண்டிவிடும். ஆட்டங்கண்ட மேசையில் தொட்டியை வைத்தால் நேர்வது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. வெயில் நேரே படாத இடத்தில் உறுதியான பலகைமேல் வையுங்கள்.

குழாய் நீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் சேர்க்கப்படுகிறது. அது மீனின் செவுளைச் சுடும். வாளியில் நீரைப் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் வெளியேறிவிடும். குளோரமைன் சேர்த்த நீராயின் அது அவ்வாறு போகாது. கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கும் மருந்தை அளவறிந்து சேர்க்க வேண்டும்.

நீரை நிரப்பிய அன்றே மீனை விடுவது பலர் செய்யும் தவறு. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சே. வேறு நுண்ணுயிர்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அதனால் தீங்கு குறைவு. கண்ணுக்குத் தெரியாத இத்துப்புரவுப் பணியாளர்கள் வடிகட்டியின் பஞ்சிலும் மணலிலும் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை செடிகளை மட்டும் வளர்த்து, நாளும் சிறிதளவு மீன் தீனியைப் போட்டு அது அழுகுமாறு விட்டு, அவற்றுக்கு உணவளிக்கலாம். பிறகு வாரந்தோறும் கால்பங்கு நீரை, அதாவது 14 லிட்டரை, மாற்றினால் போதும். முழு நீரையும் ஒரே நாளில் மாற்றுவதும், வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் பிழிந்து கழுவுவதும் அப்பணியாளர்களைக் கொன்றுவிடும்.

கெடாவின் வெப்பத்தில் நீரைச் சூடாக்கும் கருவி தேவையில்லை. வேட்டை மீன்களுக்குப் பதுங்கிடம் வேண்டும். உடைந்த பூச்சட்டி, வேர்க்கட்டை, நீர்ச்செடி ஆகியன உதவும். மலாயில் ‘கெத்தாப்பாங்’ எனப்படும் நாட்டு வாதுமை மரத்தின் இலைகள் பழுத்து உதிர்ந்து காய்ந்தபின், அவற்றைக் கழுவித் தொட்டியில் இடலாம். நீர் தேயிலைச் சாயம்போல் மாறும்; அஞ்ச வேண்டாம். காட்டோடைகளின் நீரும் அத்தகையதே. இறுதியாக, மூடி. நாம் கூறிய மீன்களுள் பல குதிப்பதில் வல்லவை. மூடியில்லாத தொட்டியின் மீனைக் காலையில் தரையில்தான் காண நேரிடும். சண்டை மீன் இனம் நீர்ப்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கிச் சுவாசிப்பது. ஆகவே நீருக்கும் மூடிக்கும் இடையே மூன்று விரற்கடை இடைவெளி விட வேண்டும்.

உணவும் கொசுவும்

வேட்டை மீன் வளர்ப்போரின் பெருங்கவலை உணவே. இவற்றுள் பல, உலர்ந்த தீனியைத் திரும்பியும் பாரா. அசைவதையே இரையென அறியும். நம் இலை மீனும் நான்கு நாள் பட்டினி கிடந்தது. பிறகு மண்புழுவைக் கழுவித் துண்டாக்கி, நூலில் தொங்கவிட்டு மெல்ல அசைத்தோம். ஐந்தாம் நாள் அது பற்றியது. சில வாரங்களில், உறையவைத்து விற்கப்படும் இரத்தப் புழுக்களை இடுக்கியால் நீட்டினாலும் உண்ணப் பழகிவிட்டது. சிறு இறால், தண்ணீர்த் தெள்ளு ஆகியவையும் நல்ல உணவே. வடிகாலில் எடுத்த செம்புழுக்களை அப்படியே கொடுத்தால் அழுக்கும் நோயும் உடன் வரும்.

மீனின் வயிறு ஏறத்தாழ அதன் கண் அளவே என்பர். கண்ணை அளவுகோலாகக் கொண்டு உணவிடுங்கள். வாரத்தில் ஒரு நாள் உணவிடாதிருப்பதும் நல்லதே. பட்டினியால் இறந்த தொட்டி மீன்களினும், மிகுதியாக இட்ட உணவு அழுகி நீர் கெட்டு இறந்தவையே பல.

கொசுப்புழுவைவிடச் சிறந்த உணவில்லை என்று பெரியோர் கூறுவர். உண்மையே. தேங்கிய நீரில் கூத்தாடிப் புழுக்கள் நெளிவதைக் காணாதவர் நம்முள் யார்? சண்டை மீனும் ஜூலோங்-ஜூலோங்கும் அவற்றை விரும்பி உண்ணும். ஆனால், இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மீனுக்கு உணவென்று வாளியில் கொசுப்புழு வளர்த்தல் கூடாது. வெப்ப நாட்களில் முட்டை, புழு, கூட்டுப்புழு என வளர்ந்து கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். ஒரு நாள் மறந்தாலும் டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசுக்களை நாமே வளர்த்தவராவோம். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது தண்டனைக்குரிய குற்றமுமாகும்.

தோட்ட மக்களாகிய நாம் இதனை எளிதாக எண்ணலாகாது. இரப்பர்த் தோட்டங்கள் உருவான காலத்தில் நம் முன்னோர் பல்லாயிரவர் மலேரியாவுக்குப் பலியாயினர். அந்நோயைக் கொசுவே பரப்புகிறது என்பதற்கான சான்றை 1897-ஆம் ஆண்டில் இந்தியாவின் செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டறிந்தார். கிள்ளான் நகரில் மருத்துவர் மால்கம் வாட்சன் 1901 முதல் சதுப்பு நீரை வடித்துக் கொசுவை ஒடுக்கினார். மீன் வாழும் தொட்டியில் கொசு வளராது. மீன் இறந்தபின் கொல்லையில் போட்டுவைத்த வெற்றுத் தொட்டியில் மழைநீர் தேங்கினால் கட்டாயம் வளரும். பயன்படாத தொட்டியைக் கவிழ்த்து வையுங்கள்.

வெளியே விடலாமா?

வளர்க்க இயலாத மீனை ஓடையில் விட்டால் புண்ணியம் என்று சிலர் எண்ணுகின்றனர். நம் மாணவர்களும் இலை மீனை வடிகாலில் கொட்டச் சொன்னார்கள் அல்லவா? தொட்டியின் பாசியைத் தின்று துப்புரவு செய்யும் என்று வாங்கப்படும் ஒரு மீனுக்கு மலேசியர் ‘பண்டாராயா மீன்’ என்று வேடிக்கையாகப் பெயர் வைத்துள்ளனர். மாநகராட்சி மீன் என்பது பொருள். தென்னமெரிக்காவைச் சேர்ந்த அது, வளர்ப்போரால் ஆறுகளில் விடப்பட்டுப் பல்கிப் பெருகி, இன்று நம் நாட்டு ஆறுகளில் பெருந்தொல்லையாக மாறியிருக்கிறது.

கொசுவை ஒழிக்கவென்று அமெரிக்காவிலிருந்து பல நாடுகளுக்குக் கொண்டு செல்லப்பட்ட கம்பூசியா மீனின் கதையும் இதுவே. இந்தியாவுக்கு அது 1928-ஆம் ஆண்டில் வந்தது. கொசுப்புழுவோடு உள்ளூர் மீன்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும் அது தின்றது. இன்று உலகின் மிகத் தீங்கான 100 அயல் உயிரினங்களின் பட்டியலில் அதுவும் ஒன்று. நல்லெண்ணம் மட்டும் போதாது. விளைவையும் அறிதல் வேண்டும்.

கடையில் வாங்கிய சண்டை மீனை வாய்க்காலில் விட்டால், அது நம் வயலின் பெலாகாவோடு கலந்து இனம்பெருக்கும். பின்னர் தூய பெலாகா எது எனத் தேடினும் கிடைக்காது. ஆகவே, வளர்க்க இயலாத மீனை வளர்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். ஆற்றிலோ வடிகாலிலோ மட்டும் விடாதீர்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு சொல்

மீன் பிடிக்கப் பிள்ளைகள் ஆற்றுக்கும் மதகுக்கும் தனியே செல்ல இடங்கொடாதீர்கள். வடிகால் நீரில் எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சலும் உண்டு. காலில் புண்ணிருந்தால் இறங்கவே கூடாது. மீன் தொட்டிக்கு மின்சாரக் கருவி பொருத்தும்போது பெரியவர் ஒருவர் உடனிருங்கள். நீரில் கைவைக்குமுன் மின்விசையை அணைக்கப் பழக்குங்கள். மீன்களைச் சண்டையிட வைத்துப் பந்தயம் கட்டும் வழக்கம் இருந்தால் அதைத் தடுத்துவிடுங்கள். ஓர் உயிரின் வலியை விளையாட்டாகக் கண்ட கண், பின்னர் மனிதரின் வலியையும் அவ்வாறே காணும்.

அதிகம் செலவாகும் என அஞ்ச வேண்டா. ஒரு சிறு தொட்டியும், மூடியும், சில செடிகளும், ஓர் இணைப் பெலாகாவும் போதும். இணை ஒத்துப்போகாமல் ஒன்றையொன்று துரத்தினால் உடனே பிரித்து வையுங்கள். ஒரு பிள்ளை நாள்தோறும் நேரந்தவறாமல் உணவிட்டு, வாரந்தோறும் நீர் மாற்றி, கண்டதைக் குறிப்பேட்டில் எழுதி வந்தால், அந்தப் பழக்கம் அது பயிலும் பிற பாடங்களுக்கும் துணை நிற்கும்.

இலை மீன் என்னவாயிற்று?

வடிகாலில் கொட்டுமாறு கூறிய மாணவர்களைச் சுற்றி அமர வைத்துப் பேசினோம். “நாம் கோழிக்கறி உண்கிறோம்; நெத்திலி உண்கிறோம். நம்மை யாரும் கொலைகாரர் என்பதில்லையே?” என்று கேட்டோம். சற்று நேரம் எவரும் பேசவில்லை. பிறகு ஒரு மாணவன், “கப்பிகளுக்கு ஓடிப்போக இடமே இல்லையே, ஐயா” என்றான். அவன் கூறியதே சரியான விடை. ஓடையில் இரை தப்பியோட வழியுண்டு; ஒளிய இடமுண்டு. ஓரடிக்கு இரண்டடிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டையும் அடைத்தது நாம். மீன் செய்தது வேட்டை. நாம் செய்ததே பிழை. கப்பிகளுக்காக மாணவர்களிடம் வருத்தம் தெரிவித்துக்கொண்டோம்.

இலை மீனுக்குத் தனித் தொட்டி ஒன்று ஏற்பாடாயிற்று. நாட்டு வாதுமை இலைகளுக்கிடையே அது இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. அன்று அழுத மாணவிதான் அதற்கு உணவிடும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். குறிப்பேட்டில் அவள் முதன்முதலாக எழுதியது இது: “இன்று இரண்டு புழு தின்றது. கப்பிகள் 5. எல்லாம் நலம்.”

மாணவச் செல்வங்களே! உயிரொன்றை வீட்டுக்குக் கொண்டு வருகிறவர், அதன் அழகை மட்டுமன்று, அதன் பசியையும் சேர்த்தே கொண்டு வருகிறார். அப்பசியை முன்னரே அறிந்து, அதற்கு வழி செய்த பின்னரே தொட்டியில் நீரை நிரப்புங்கள்.